நான்கு காலிக் குழிகள்

ஆழ்துளைக் கிணறு மூன்று மீட்டர் இறங்கும்போதெல்லாம் சேற்றோடு ஒரு பிடி கல்துகள் மேலே வரும். அதைச் சல்லடையில் கழுவி, காயவைத்து, ஆழம் எழுதிய குழியில் மாதிரியாகப் போடுவது என் வேலை. ஒரு தட்டில் இருபது குழிகள். அக்கா அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, பச்சைக் கல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று எழுதுவாள். அங்கேதான் பூமியின் சூடு ஏறத் தொடங்கும் என்பார்கள்.

எங்கள் பல்கலைக்கழகமும் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்தச் சூட்டைத் தேடித் தோண்டுகிற கிணறு அது. ஒப்பந்தப்படி வருடத்துக்கு ஒரு ஆய்வக ஊழியர் அங்கே போய்ப் புவிவெப்பப் பயிற்சி எடுக்கலாம். இந்த வருடம் அக்காதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பதினொன்றாம் வகுப்போடு நின்றுபோய் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, துறைத்தலைவரிடம் கெஞ்சி வேலையில் சேர்த்ததும் அவள்தான்.

அறுநூறாவது மீட்டர் தட்டைத் தூக்கும்போது என் முழங்கை குழாயில் இடித்தது. நான்கு குழிகளில் இருந்த துகள் தொட்டியில் கொட்டித் தண்ணீரோடு போய்விட்டது. பள்ளியில் ஒரு டீச்சர் பரீட்சைக்கு முன்னால் சொல்வார்: "தெரியலன்னாலும் இடத்தைக் காலியா விடாதீங்க, எதையாவது எழுதி வைங்க." அவற்றுக்கு அடுத்த ஆழத்துக் குழியிலிருந்து கரண்டியால் அள்ளி நான்கையும் நிரப்பினேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

மூன்றாம் நாள் அக்கா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினாள்.

"ஏய், இங்க வாயேன்! பச்சை அறுநூறுலயே ஆரம்பிச்சிடுச்சுடி. இவ்வளவு மேல யாருமே எதிர்பார்க்கல!"

துளை போடும் மேஸ்திரி வாசலில் நின்று சிரித்தார். "அப்ப பெட்டியக் கட்டு. உன் தங்கச்சி ஏன் இப்படி ஊமைக்கோட்டான் மாதிரி முழிக்கிறா?"

"என்னைப் பிரியணுமேன்னு இருக்கும்ண்ணே."

அக்கா என் தலையில் செல்லமாகத் தட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "கை கழுவிட்டு வரேன்க்கா" என்று நழுவிவிட்டேன். அந்தப் பச்சையை வைத்தே அவள் அறிக்கை முழுவதையும் எழுதினாள்.

பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, தட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு ஐந்து குழிகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். துறைத்தலைவரின் முகம் கறுத்துவிட்டது.

"அஞ்சும் ஒரே குழியோட துகளாம்மா. நிரப்பி வச்சிருக்கீங்களான்னு கேக்குறாங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் நேராக என்மேல் வந்து நின்றது, ஒரு நொடிதான்.

"தட்டு என் பொறுப்பு சார். தப்பு என்னோடதுதான்."

நான் சல்லடையைப் பிடித்தபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

பேராசிரியை கோபப்படவில்லை. தன் ஊர்க் கிணற்றுத் தட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். பாதிக் குழிகள் காலி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. "மாதிரி இல்லைன்னு எழுதிப் போட்டா போதுமாம். அதுல ஒரு குத்தமும் இல்லையாம்" என்றார் துறைத்தலைவர், அக்காவைப் பார்க்காமல்.

வீடு திரும்பும் பேருந்தில் அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அழுதால் அவளே என்னைத் தேற்ற வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் காலையில் துறைத்தலைவர் அறைக்குப் போய், அக்கா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அவங்க ராத்திரியே கிளம்பிட்டாங்க. வேற ஆளைப் போட்டாச்சும்மா. இதை நீ நேத்து அங்கேயே…" என்று இழுத்தார்.

அக்கா என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். நான்கு குழிகளையும் காலி செய்யச் சொல்லி, நான்கு சீட்டும் பேனாவும் தந்தாள். 'மாதிரி இல்லை. கழுவும்போது கொட்டியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"தேதி?"

"இன்னைக்குத் தேதியாக்கா?"

"என்னைக்குக் கொட்டுச்சோ அதைப் போடு. கீழே, என்னைக்குச் சொன்னியோ அதையும் போடு."

போட்டேன். இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது நாள். எந்த நாட்டிலிருந்து யார் வந்து அந்தத் தட்டைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அக்கா தன் அறிக்கையை எடுத்து, 'அறுநூறு' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, "அடுத்த துகள் பை வந்திருக்கும், போய்க் கழுவு" என்றாள்.