வராதவர்களுக்கு ஒரு மைக் செட்

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியின் இரண்டாம் மாடி ஹாலில் ஷைலா பேசிய பேச்சு, காரமடைத் தேர்வீதியில் நின்றவர்களுக்கும், கொடுமுடியில் காவிரித் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றவர்களுக்கும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. கேட்காமல் போனது அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான். அன்றைக்குத் தேங்காய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. அவினாசி ரோட்டில் வழக்கமான நெரிசல். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஷைலா அந்தக் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். வோல்டேஜ் இறங்கினாலும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் எரியாமல், வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு ஓடும் ஒரு போர்வெல் மோட்டாரை மூன்று வருஷமாக உருவாக்கிவந்தாள். அதற்குள் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் நடக்கவும் ஆரம்பித்துவிட்டன. அவள் மோட்டாரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், மேலதிகாரிகளுக்கு எங்கிருந்தாவது ஒரு போன் வந்துவிடும். கம்பெனியை நடத்திய சைதன்யா நல்ல மனிதர்தான், ஆனால் இதை யார் வாங்குவார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமைப் பேச்சும் எடுபடாவிட்டால் மோட்டாரை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு, ஷைலாவை சீலிங் ஃபேன் பிரிவுக்கு மாற்றுவதென்று முடிவாகியிருந்தது. ஃபேன் மீது அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மோட்டாரை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

காலையில் ஹாலின் ஸ்பீக்கர்கள் இரண்டும் புகைந்து நின்றுபோயின. அலுவலக நிர்வாகத்தைக் கவனிக்கும் ஜெரோம், தங்கள் மாதா கோயிலின் பங்குத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் மைக் செட் போடும் மாசாணத்துக்கு போன் போட்டார். "இதா வாரேனுங்க" என்ற மாசாணம், சொன்ன நேரத்துக்கு வந்தும் விட்டார். இந்தக் கதையில் நம்பக் கடினமான விஷயம் அது ஒன்றுதான். கோயில் நோம்பியோ காதுகுத்தோ மாதா தேரோ, அவருக்கு ஒரே முறைதான். மைக்கை மேடையில் வைப்பார், குழாய் ஸ்பீக்கர்களை உயரமான இடத்தில் கட்டி, விசேஷத்துக்கு முதுகு காட்டி ஊரைப் பார்க்கத் திருப்பிவிடுவார். இங்கேயும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் நாலு குழாய்களை நாலு திசைக்கும் கட்டினார். வாசலில் வாழை மரம் கட்டவேண்டாமா என்று விசாரித்தார். ஜெரோம் வேண்டாம் என்றுவிட்டார்.

ஷைலா மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னாள். உதடு அசைந்தது, சொல் கேட்கவில்லை. குரலை உயர்த்திப் பார்த்தாள். வாயிலிருந்து புறப்பட்ட குரல் அப்படியே மைக்குக்குள் இறங்கி, ஒயர் வழியாக மாடியேறிப் போய்விட்டது, அவள் காதுக்கே மிச்சம் வைக்கவில்லை. ஹாலில் ஃபேன் சத்தமும் யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தமும் தெளிவாகக் கேட்டன. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஃபேன் பிரிவுதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வீம்பாகப் பேசிக்கொண்டே போனாள். அவள் "அடுத்த ஸ்லைடு" என்றபோதெல்லாம் காரமடை பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு சிமெண்ட் விளம்பரம் இருந்தது. அதையே ஸ்லைடாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜெரோம் மூச்சு வாங்க மாடிக்கு ஓடினார். மாசாணம் தொட்டி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாசாணம், ஆளுக உள்ள உக்காந்திருக்கறாங்க, நீங்க கொழாய வெளிய திருப்பிக் கட்டிப்போட்டீங்களே!"

"உள்ள இருக்கறவங்களுக்கு வாய்ல சொன்னாப் போதாதுங்களா?" என்றார் மாசாணம். "வராதவங்களுக்குத்தானுங்களே மைக் செட்டு."

திருவிழாக்களில் தானே அந்தக் குழாய்களுக்குக் காசு கொடுத்தவர் என்பதால் ஜெரோம் வந்த வழியே திரும்பி இறங்கினார்.

கீழே சைதன்யா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "செரிங்க ஷைலா, மெயில்ல அனுப்பிச்சுருங்க, பாத்துக்கலாம்" என்றார். அந்தக் கம்பெனியில் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஷைலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று கடைசி ஸ்லைடில் இருந்ததை மட்டும், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே, சொல்லி முடித்தாள்.

அப்போது மைக் பேசியது. ஸ்பீக்கர் இல்லை, அவள் கையிலிருந்த மைக்தான். பின்னால் தண்ணீர் சலசலக்க, ஒரு பெண் குரல். "ஏனுங்கம்மணி, நான் கொடுமுடித் தெய்வாத்தாளுங்க. மஞ்சக்காட்டுல போர் போட்டிருக்கறனுங்க. பொழுதெறங்குனா எங்கூர்ல வோல்டேஜ் கொறஞ்சு போகுது. வருசத்துக்கு ரெண்டு வாட்டி காயிலு எரியுதுங்க. நீங்க சொன்ன மோட்டாரு அப்பவும் நிக்காம ஓடுமுங்களா?"

ஷைலா பதில் சொன்னாள். ஹாலுக்கு அது கேட்கவில்லை. "அப்பிடீங்களா!" என்று தெய்வாத்தாள் சந்தோஷப்பட்டது மட்டும் கேட்டது. அடுத்து காரமடையிலிருந்து ஒருவர், கறிவேப்பிலைத் தோட்டத்துக்கு ஆகுமா என்றார். அவர் முடிப்பதற்குள் அன்னூர் பேசியது, அதை மறித்துக்கொண்டு பல்லடம் பேசியது. கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. சைதன்யா மறுபடி உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு போன் பேச்சை ஒரு பக்கம் மட்டும் ஒட்டுக்கேட்பதுபோல ஹால் முழுக்க மைக்கை நோக்கிச் சாய்ந்திருந்தது. யார் வாங்குவார்கள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் எங்கேயும் கேட்டதில்லை.

யாரோ விலையைக் கேட்டார்கள். ஷைலா சைதன்யாவைப் பார்த்தாள். அவர் எழுந்துவந்து மைக்கை வாங்கி ஒரு விலை சொன்னார், அதுவும் ஹாலில் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தெய்வாத்தாள், "பாத்துக் கொறச்சுப் போடுங்க சாமி" என்றாள். சைதன்யா தலையை ஆட்டினார், விரலை விரித்தார், மடக்கினார், கடைசியில் சிரித்துவிட்டார். நாலு திசையிலிருந்தும் "ஆகட்டுமுங்க" என்று வந்தது. முடிவான விலை என்ன என்பதைக் கணக்குப் பிரிவு மறுநாள் காரமடைக்கு போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டது.

குழாய்களை அவிழ்க்க வந்த மாசாணத்தைக் கம்பெனி விடவில்லை. மைக்கும் குழாய்களும் இருந்த இடத்திலேயே இருக்க, விலை பேசி வாங்கிக்கொண்டார்கள். ஷைலா ஃபேன் பிரிவுக்குப் போகவில்லை. சித்திரைக்குள் முதல் மோட்டார் தயாராகி கொடுமுடிக்குப் போனது, அவளும் கூடப் போனாள். வரப்பில் நின்று தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெய்வாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொரல் தெரியாதா கண்ணு? எளச்ச கொரலுன்னு நெனச்சேன், ஆளும் எளச்சுத்தான் இருக்கறே. மொதல்ல சோறுண்ணு" என்றாள்.

பொழுது இறங்கியது. வீட்டு பல்பு மங்கிச் சிவந்து கம்பி மட்டும் தெரிந்தது. சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. மஞ்சக்காட்டு மோட்டார் மட்டும் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, மெல்ல, நிற்காமல் ஓடியது. குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெலிந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. ஷைலா இரண்டு கையையும் அதில் நீட்டினாள். மூன்று வருஷத்துச் சந்தோஷமும் ஒரேயடியாக வந்துவிட, வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற தெய்வாத்தாளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்நேரம் பீளமேட்டு ஹாலில் பட்ஜெட் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த மைக்கிலிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பும் தண்ணீர் விழும் சத்தமும் நெடுநேரம் வந்தன. சைதன்யா பேனாவைக் கீழே வைத்தார். எல்லாரும் அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.