தாம்பூலத் தட்டில் வைத்த கடன் படிவம்

அடுகோடியில், வங்கிக்கு எதிரே இருந்த தர்ஷினி உணவகத்தில், நின்றுகொண்டே சாப்பிடும் மேஜை. காற்றில் பறக்காமல் இருக்க, கல்விக் கடன் படிவத்தின் ஓரத்தில் காபி டம்ளரை வைத்திருந்தாள் தாரணி. மூன்றரை மணிக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். சட்டக் கல்லூரியில் இறுதி ஆண்டுக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட வேண்டிய ரகுராம் நிதானமாகத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா வனஜா.

இந்தக் கடனுக்கு அவன் முதலில் கையெழுத்துப் போட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தாரணியின் அப்பா சுந்தரேசன் நண்பனின் கடனுக்கு ஜாமீன் போட்டு ஏமாந்தவர். அவர் கையெழுத்தை எந்த வங்கியும் ஏற்கவில்லை. அந்த மாதம்தான் ரகுராமோடு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஐடி சம்பளம். நல்ல காரியத்தோடு இதுவும் நடக்கட்டும் என்று அப்பாவே படிவத்தை வெற்றிலை பாக்கோடு தாம்பூலத் தட்டில் வைத்தார். கூடியிருந்தவர்கள் கைதட்ட, ரகுராம் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டான். தாரணிக்கே அன்று கண் கலங்கியது.

வங்கி ஒவ்வொரு முறை பணம் விடுவிக்கவும் அவன் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை, "கோர்ட்டு உனக்கு எதுக்கு? எங்க ஆபீஸ்லயே லீகல் டீம் இருக்கு, ஏசி ரூம்" என்றபடி போட்டான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிபதி முன் நின்று வாதாட வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை. ஆனால் தலையாட்டினாள். நிச்சயத்தை முறித்தால் கையெழுத்து போகும். கையெழுத்து போனால் படிப்பு போகும்.

"ஆவணியில மண்டபம் காலியா இருக்காம், கண்ணு. நீ சரின்னு சொல்லிட்டா இப்பவே அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றாள் வனஜா.

தாரணி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஓர் அறக்கட்டளை பாதிக் கட்டணத்தை உதவித்தொகையாகக் கொடுக்கிறது. படிப்பு முடியும்வரை திருமணம் கூடாது என்பது நிபந்தனை.

"கல்யாணத்தைப் பண்ணிட்டுச் சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் வனஜா.

"அத்தை, நான் வக்கீலுக்குப் படிக்கிறேன்."

"அதான் சொல்றேன். வக்கீலுக்குப் பொய் வராதா?"

ரகுராம் சிரித்தான். பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் உருட்டினான். "நான் கையெழுத்து போடமாட்டேன்னு சொல்லல தாரணி. அம்மாவுக்கு ஒரு தேதி சொல்லிடு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். கட்டாயப்படுத்தி வாங்கும் சம்மதம் செல்லாது என்று முதல் வருடத்திலேயே படித்திருந்தாள். அன்போடு கேட்டு வாங்கும் சம்மதத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது.

"ஆவணியில கல்யாணம்னா உதவித்தொகை போயிடும். அந்தப் பாதியையும் கடனாத்தான் வாங்கணும்" என்றாள் மெதுவாக. "நான் கட்டலன்னா உங்களைத்தான் கேப்பாங்க. நீங்களும் இதுல கடனாளி."

உருண்டுகொண்டிருந்த பேனா நின்றது. ரகுராம் அம்மாவைப் பார்த்தான். வனஜா காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.

"அப்போ அடுத்த ஆவணி" என்றாள். "ஒரு வருஷம்தானே, எங்க ஓடிப்போகப் போவுது?"

ரகுராம் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, அவள் தட்டில் ஆறிக் கிடந்த இட்லியைப் பார்த்து, "சாப்பிடாமயே நிக்கற பாரு" என்று சட்னியை அவள் பக்கம் நகர்த்தினான். அந்த அக்கறை பொய்யில்லை. அதனால்தான் அதை உதறவும் முடியவில்லை.

"உறவுன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே" என்றான். "நீயே எழுது, உன் எழுத்துதான் அழகு."

மணி மூன்று பதினெட்டு. தாரணி பேனாவை வாங்கினாள். 'வருங்காலக் கணவர்' என்று, கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்தும் போகாமல் எழுதினாள். படிவத்தை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.