முப்பத்தெட்டாம் மாடி, அனுமதி இலவசம்

எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே அப்பா கேட்டுவிட்டார்.

"லீவு நாள்ல இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பையி?"

"லேப்டாப்பு."

பையில் லேப்டாப் இல்லை. நாலு சுடிதார், இரண்டு நைட்டி, துண்டு, தலையணை உறை, குளிக்கிற மக்கு. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பி.ஜி. விடுதியில் இடம் பிடித்துவிட்டேன். அன்று சாயங்கால ரயிலில் அவர் மட்டும்தான் ஊர் திரும்ப வேண்டும். அது அவருக்கு இன்னும் தெரியாது.

எங்கள் ஊரில் பாதிப் பேர் இருட்டில் கிளம்பிப் பெங்களூர் போய் இருட்டில் திரும்புகிறார்கள். வாட்ச்மேன் வேலைக்கு அப்பா போகிற ரயிலில்தான் பி.காம். படித்த நானும் போகிறேன், கக்கூஸ் கதவை ஒட்டி நின்றுகொண்டு. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்து உட்கார ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லை. பெங்களூரில் பெண் சம்பாதிக்கலாம், ஆனால் பெங்களூரில் தூங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். போதும் என்று ஆகிவிட்டது.

பெங்களூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் கோபுரத்தின் உச்சி மாடியில் நின்று ஊரைப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை காசு கிடையாது என்று ரயிலில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "ஓசியில காட்றான், போலாம் மாயா" என்று ஒரு மாதமாக நச்சரித்தார். பதிவு செய்தேன். மேலே போய் அவர் வாயைப் பிளந்து நிற்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடலாம், நாலு பேர் நடுவில் கத்த மாட்டார் என்பது என் கணக்கு. கோழைத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழ்த்தளத்தில் பையை மேலே கொண்டுபோக விடவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுத்தார்கள். என் சுடிதாரில் பாக்கெட் கிடையாது. அப்பா அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண் ஆளுக்கொரு கார்டு கொடுத்தாள். கூட்டம் தள்ளியது. லிஃப்டில் ஏறினோம்.

"கேஜ்னா பெல் அடிப்பான். இதுல ஒண்ணியும் காணோமே" என்றார் அப்பா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கேஜ் என்றால் அவர் முன்பு வேலை செய்த தங்கச் சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கூண்டு. கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தன் சிரித்தான். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேலே கதவு திறந்ததும் ஒரு தடுப்பு. கார்டைக் காட்டினால்தான் திறக்கும். என் கார்டுக்குத் திறந்தது.

"கார்டு கொடி சார்" என்று கன்னடத்தில் கேட்டுக் கையை நீட்டினான் செக்யூரிட்டி.

"கீழ குடுத்துட்டனே" என்றார் அப்பா.

"யார்கிட்டப்பா?"

"அந்தப் பொண்ணுகிட்ட. லிஃப்ட்ல ஏறும்போது வெச்சிட்டு வந்தேன்."

"யாரு கேட்டா உன்ன?"

"யாரும் கேக்கல. டோக்கன ஆபீஸ்ல குடுத்துட்டுத்தானே கேஜ் ஏறுவோம்? உள்ள யாரு கீறான்னு அவனுக்குத் தெரிய வேணாமா? ஷிப்டு முடிஞ்சி வந்து வாங்கிக்கறது."

சுரங்கத்தை மூடும்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அவர் கை தானாக நீண்டு கார்டைக் கொடுத்திருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் பொறுமை இல்லாமல் நெளிந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமா அவர்மேல் கோபமா என்றே தெரியவில்லை.

கீழே வந்து கேட்டால், கார்டைத் திருப்பிக் கொடுத்தால் பார்த்து முடித்ததாகக் கணக்காம். இன்றைக்கு இன்னொன்று தர முடியாதாம்.

"அவர் பாக்கவே இல்லைங்க! இலவசம்னு செவுரு பூரா எழுதி வெச்சிட்டு, இது என்ன கூத்து?"

"சிஸ்டம் எடுக்காது மேடம்" என்றாள் கவுண்டர் பெண்.

"வுடு மாயா" என்றார் அப்பா. "நீ போய்ப் பாரு. ஒருத்தராச்சும் பாத்தாதான் ரயில் ஏறி வந்ததுக்கு அர்த்தம்."

போனேன். அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிற நிம்மதியில்தான் போனேன்.

மேலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை, கிரேன் என்று கண்ணுக்கு எட்டும்வரை போய்க்கொண்டே இருந்தது. இதில் எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தேடினேன், பிடிபடவில்லை. ஒரு ஜோடி போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கீழே போய் எப்படி ஆரம்பிப்பது? 'அப்பா, கோபப்படாத' என்றா? அப்படி ஆரம்பித்தாலே கோபம் வரும்.

போன் அடித்தது.

"மாயா, கொஞ்சம் கீழ வா. இவுங்க என்ன வுட மாட்டன்றாங்க."

லிஃப்டுக்கு ஓடினேன்.

பை வைக்கும் இடத்தில் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் செக்யூரிட்டி. மேஜைமேல் என் பை திறந்து கிடந்தது, மேலாக என் பூப்போட்ட நைட்டி. ரயிலுக்கு நேரமாகுமே என்று முன்கூட்டியே பையை வாங்கப் போயிருக்கிறார். உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"லேப்டாப்புன்றாரு மேடம்" என்றான் சூப்பர்வைசர். "தொறந்தா பூரா பொம்பள துணி. அப்பவும் லேப்டாப்பு தான்னு சாதிக்கிறாரு."

"எம்பொண்ணு அப்படித்தான் சொல்லிச்சி" என்றார் அப்பா. அதையே எத்தனை தடவை சொன்னாரோ, குரல் கட்டியிருந்தது.

"யோவ், அவர் எங்கப்பா! திருடன் மாதிரி நிக்க வெச்சிருக்க?"

"அப்ப நீங்க சொல்லுங்க. உள்ள இன்னா கீது?"

சூப்பர்வைசரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்.

"என் துணி. தலகாணி ஒற. அடியில ஒரு பச்ச மக்கு இருக்கும். லேப்டாப் இல்ல. நான் இன்னிலேர்ந்து இங்கதான் தங்கப் போறேன்பா. ரூம் பாத்துட்டேன்."

சூப்பர்வைசர் கையை விட்டு மக்கை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்தான். "சரி, எடுத்துக்கினு போங்க."

அப்பா நைட்டியை மடித்து உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். ஓடிப் பிடித்தேன்.

"பைய குடுப்பா."

"தர மாட்டேன்."

"என்னத் திருப்பிக் கூட்டினு போலாம்னு பாக்காத. வர மாட்டேன்."

"யாரு கூப்ட்டா?" நடுரோட்டில் நின்று கத்தினார். "பொய் சொல்லிக்கினு வர்ற, நாலு பேரு என்ன திருடன்றான். எங்க கீது அந்த ரூமு?"

"எதுக்கு?"

"மொதல்ல அத காட்டு. தாப்பா ஒழுங்கா கீதான்னு பாக்கறேன். அப்புறம் கீது உனக்கு."

"ஒயிட்ஃபீல்டு" என்றேன். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அவரே முதலில் ஏறினார்.