தடத்தில் நின்ற டெம்போ

என் வீட்டுக்காரர் சசிகுமார் இறந்து காரியம் முடிந்த மறுவாரம், அவருடைய அண்ணன் மணியன் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வண்டித் தடத்தின் குறுக்கே ஒரு பழைய டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நல்லூரில் ரோட்டை ஒட்டி முன்னால் அவருடைய பனியன் துணி பின்னும் ஷெட், பின்னால் எங்கள் தையல் யூனிட். என் சரக்கு வெளியே போக அந்தத் தடத்தை விட்டால் வழியில்லை. தைத்து முடித்த பனியன்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அன்று மாலைக்குள் சரக்கு வந்து சேராவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் யூனிட்டை மூட வேண்டியதுதான்.

நேராக மணியனிடம் போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் கணவனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரும் பேசியதெல்லாம் சசிகுமார் வழியாகத்தான். பரிமாறும்போது ரசம் வேண்டுமா என்பதைக்கூட அவர்தான் அங்கே கொண்டுபோய், பதிலை இங்கே கொண்டுவருவார். சசிகுமார் போனதும் எங்கள் இருவருக்கும் வாய் இல்லாமல் போயிற்று.

ஆகவே போலீசுக்குப் போனேன். ஏட்டு பெரியகருப்பனை அனுப்பினார்கள். மதுரைப் பக்கத்துக்காரர். டெம்போவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இந்தாம்மா, தடம் யாருக்குன்னு கோர்ட்டுதான் சொல்லணும். வண்டியத் தள்ளிவிட எனக்கு அதிகாரம் கெடையாது. அடிதடின்னா மட்டும் சொல்லு, வர்றேன்."

அதற்குள் மணியனும் வெளியே வந்து டெம்போவின் அந்தப் பக்கம் நின்றார்.

"அப்படீன்னா, அவரை என்னைய ஒரு அடி அடிக்கச் சொல்லுங்க சார்," என்றேன்.

மணியன் பதறிப்போனார். "ஐயோ சாமி, தம்பி சம்சாரத்தைங்களா? வேணும்னா அவங்க என்னைய அடிக்கட்டும்னு சொல்லுங்க சார்."

"பெரியவங்க மேல நான் எப்படிங்க கை வெக்கறது? கேட்டுச் சொல்லுங்க சார்."

"ஏம்மா, அவரு இங்கனதான நிக்கிறாரு. காது கேக்காதா?"

"நல்லாக் கேக்குமுங்க."

"அப்ப நேராச் சொல்லு."

"அது முடியாதுங்க."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தம்பியோட யூனிட்ட அசலாருக்கு விக்கப் போறாங்களாமா, கேளுங்க," என்றார் மணியன்.

"யாரு சொன்னாங்கன்னு கேளுங்க."

"ஊரே சொல்லுதுன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்த ஏட்டு, பிறகு உண்மையாகவே தூது சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஊரு பேசறதெல்லாம் பேச்சா?" என்று நான் சீறியதை, "அப்படி ஒண்ணும் இல்லையாம், கோவப்படாதீகங்குறாக," என்று கொண்டுபோய்ச் சேர்த்தார். சசிகுமாரும் இப்படித்தான் கோபத்தை வடிகட்டிவிட்டுக் கொண்டுபோவார்.

இரண்டு ஷெட்டிலிருந்தும் ஏட்டுக்கு டீ வந்தது. இரண்டையும் குடித்தார். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன்.

"சொத்துத் தகராறுல போலீஸ் தலையிடக் கூடாதும்மா. இன்னும் ரெண்டு வார்த்தை பேசுனேன்னா நானே கட்டப்பஞ்சாயத்துப் பண்ணதா ஆயிரும்," என்று பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

டெம்போவின் இருபக்கமும் நாங்கள் இருவரும் நின்றோம். சரக்கேற்ற வந்த வண்டிக்காரன் ரோட்டில் ஹாரன் அடித்தான்.

"மாமா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் விக்கலீங்க. அவரு வாங்கிப் போட்ட மெஷினுங்க. நானே நடத்தறனுங்க. வண்டிய எடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டெம்போவின் உடைந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்:

"இதுல இன்ஜினே இல்லீங்களே. ஆளு உட்டுத் தள்ளித்தான் கொண்டாந்தேன்."

"தள்ளுனா ஆச்சுங்க."

அவர் முன்பக்கம் போனார், நான் பின்பக்கம் போனேன். மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். டெம்போ அசையவில்லை. வண்டிக்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு பேரும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மணியன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வண்டிக்காரனைத் தூதுக்குக் கூப்பிடவில்லை; என்னையே பார்த்துக் கேட்டார்:

"எந்தப் பக்கமுங்க தள்றது, கண்ணு?"

"உங்க ஷெட்டுப் பக்கமுங்க, மாமா," என்றேன்.