எல்லார் பின்னாலும் வெல்டர்

இப்பெல்லாம் எதையும் வாயால் சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை. சுவரில் படம் ஓடினால்தான் நம்புவார்கள். பணிமனையிலிருந்து ஐந்து பேர் ஓய்வு பெறுகிறார்கள், கையைக் குலுக்கி அனுப்பினால் தீர்ந்தது. அதற்கு ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி.

ஐவரில் ஒருவரான வெல்டருக்கு வர இஷ்டமே இல்லை. ஆனால் படம் தயார் செய்தது அவர் மருமகள். அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். விழா குளறுபடி இல்லாமல் நடந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் வந்து, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் சேருமுன் அவள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முதலில் வெல்டர். பழுதில்லை. அடுத்து ஸ்டோர்காரர், வெல்டர் மனைவியின் தம்பி. அவர் முகத்துக்கு இரண்டு பக்கமும் வேறு யாருடைய காதுகளோ நீட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான், அது உங்க காதுதானே?" என்றார் ஸ்டோர்காரர். "நிம்மதியா ரிட்டயர்கூட ஆக விடமாட்டீங்களா?"

"உன் மூஞ்சி சின்னது. அதுக்கு நான் என்ன பண்ண?"

டிரைவருக்குப் பின்னாலும் அதே காது. பெயின்டருக்கும் ஃபிட்டருக்கும் அதே. மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மவுஸால் குத்திக் குத்திப் பார்த்தாள். காது பிடிபடவில்லை.

"பிடிச்சு வெளிய தள்ளேம்மா."

"நகர மாட்டேங்குது மாமா." சட்டென்று நாக்கைக் கடித்தாள். "ஐயோ! கம்பெனி டெம்ப்ளேட்ல கலர் மாத்த மாஸ்டர் ஸ்லைடைத் திறந்தேன். மூட மறந்து உங்க போட்டோவ அதுலயே ஒட்டிட்டேன். அதுல எது இருந்தாலும் எல்லா ஸ்லைடுக்கும் அடியில வந்துடும்."

வாசலில் மேனேஜரின் குரல் கேட்டது.

வெல்டர் எழுந்து போய்ப் புரொஜெக்டருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். சுவர் முழுக்க அவர் நிழல்.

"யாருங்க அது, வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு?"

"ஒயர் லூசு சார். பாத்துட்டிருக்கேன்."

"அது பின்னாடி இல்ல இருக்கு?"

"முன்னாடியும் ஒன்னு இருக்கு சார்." பிறகு தாழ்ந்த குரலில், "சீக்கிரம்மா, முதுகு சுடுது."

அவள் மாஸ்டருக்குள் போய்ப் போட்டோவை வெட்டி எடுத்தாள். "மாமா, இப்ப நீங்க எதுலயுமே இல்ல."

"அடிப்பாவி, என்னையும் சேத்துத் தூக்கிட்டியா?"

"இருங்க... உங்க ஸ்லைடுல மட்டும் ஒட்டிட்டேன். நகருங்க."

விழா நடந்தது. அவரவர் காதோடு அவரவர் வந்தார்கள். கை தட்டினார்கள். கடைசியில் மேனேஜர் அவளிடம் வந்து, "நல்லா பண்ணிருக்கீங்க. திங்கட்கிழமை ஆர்டர் வந்துடும்" என்றார்.

அவள் மாமனாரைத் தேடி ஓடிவந்தாள். "பாத்தீங்களா மாமா? ஒரு இடத்துல சரி பண்ணினேன், எல்லா இடத்துலயும் சரியாயிடுச்சு. அதான் இதுல வசதி."

"அந்த வசதிதான் இப்ப உன் வேலைக்கு உலை வைக்கப் பாத்துச்சு."

"அது என் தப்பு மாமா. அது மேல தப்பில்ல."

"கண்ணுல படாம அடியில உக்காந்துக்கிட்டு மேல இருக்குறவனை எல்லாம் ஆட்டி வைக்குது. கையால தொட்டா நகரவும் மாட்டேங்குது. அதைப் போய் நம்பச் சொல்றே!"

"நம்பலாம் மாமா."

"நீ நம்பு. உனக்குத்தான் ஆர்டர் வரப்போகுதே."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.