இன்னொரு தடவை, இன்ஸாஃப்

என் அக்கா இன்ஸாஃபின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சமிருந்தது. அவள் பாடிய ஒலிநாடாவின் மேலேயே வானொலிக்காரர்கள் கால்பந்துப் போட்டியைப் பதிந்துவிட்டார்கள், பாவிகள். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்த பிறகு அவளுக்கு வெறும் காற்றுதான் வருகிறது. மிஞ்சியது அத்தான் ஹில்மி எழுதிய ஒரு கட்டுரை.

அத்தான் நாவலாசிரியர். பாட்டு, நாடகம், நடனம் என்று பத்திரிகைகளிலும் நிறைய எழுதினார். ஷுப்ராப் பேட்டையில் ஒரு கல்யாணத்தில் அக்கா, “நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் கதவைத் திறந்து வைத்தேன்” என்று பாடினாள். கூட்டம் விடவில்லை. “இன்னொரு தடவை!” என்று கேட்கக் கேட்க, அதே வரியை வேறு வேறு விதமாகப் பாடிக்கொண்டே இருந்தாள். அத்தானும் தன் கட்டுரையில், அவள் பாடிய தடவையெல்லாம் வரும்படி அந்த வரியையே பக்கம் முழுக்க எழுதினார். ஒவ்வொரு தடவையும் அவள் எந்தச் சொல்லை இழுத்தாளோ, அந்தச் சொல்லின் எழுத்தை நீட்டி அச்சடிக்கச் சொன்னார். எங்கே இழுத்தோம் என்பது அக்காவுக்கே மறந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் விரலை ஓட்டித்தான் மனசுக்குள் பாடுவாள்.

அத்தான் போன பிறகு, கட்டுரைகளைத் தொகுக்க தாஹிர் என்பவன் வந்து, அக்காவிடம் ஒரே பிரதியாக இருந்த அந்தப் பத்திரிகையையும் வாங்கிப் போனான். வெளியீட்டு விழாவில் அக்கா புத்தகத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அந்த வரி ஒரே ஒரு முறை இருந்தது.

“என்ன தாஹிர் இது?” என்று கேட்டேன்.

“அதுவா மேடம்? பழைய அச்சுக்காரன் தூங்கிட்டான் போல. ஒரே வரி பக்கம் பூரா! எழுத்து வேற கன்னாபின்னான்னு இழுத்துக்கிட்டு. நான்தான் சுத்தம் பண்ணேன்.”

“அட படிச்ச மடையா! நீ கச்சேரிக்கே போனதில்லையா? அந்தப் பத்திரிகை எங்க?”

அவன் முகம் வெளுத்தது. “அச்சகத்துல... குப்பையோட போயிடுச்சு.”

எனக்கு அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. அதற்குள் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் அந்த வரியை வாசித்தாள். ஒலிபெருக்கியில் மூச்சுதான் கேட்டது. பின்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க இன்ஸாஃபே! இன்னொரு தடவை!”

அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. அக்கா பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் பழைய பக்கத்துக்கே வந்தாள். வரிக்குக் கீழே விரலை வைத்துத் தேடினாள்.

“இதுல ஒரு தடவைதான் இருக்கு,” என்றாள்.