நீலக் கோட்டு

வெந்நீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் கூண்டின் கதவைத் தொட்டான். உள்ளே சேவல் கழுத்துத் தூவியைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு சிறகைத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. அப்படி வந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். கையை இழுத்துக்கொள்வதற்குள் கால்முள் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது.

"இன்னிக்கும் பூசை ஆச்சா?" எதிர் வரிசையில் தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "மாப்பிள்ளைக்கு உன்னக் கண்டாலே ஆகல தம்பி."

மாப்பிள்ளை என்பது அவன் மனைவி அந்தச் சேவலுக்கு வைத்த பெயர். அழகுக்காக வளர்த்து விற்கும் பண்ணை அது. வெள்ளை, சாம்பல், புள்ளி என்று எத்தனையோ சேவல்கள் இருந்தும் இதன் பக்கத்தில் எதுவும் எடுபடவில்லை. கழுத்தில் பொன்னாகத் தொடங்கும் நிறம் முதுகுக்கு வரும்போது கருஞ்சிவப்பாகிவிடும். வால் தூவிகள் வெயிலில் பச்சை, நிழலில் நீலம். கண்டவரையெல்லாம் கொத்தும் அதுவே அவள் மடியில் ஏறிவிட்டால், கொண்டையில் எண்ணெய் தடவி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

"கட்டிக்கிட்டது உங்கள. சொன்ன பேச்சக் கேக்கறது இவன்தான்" என்பாள், இருமலுக்கு நடுவில்.

தூவித் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் முதலாளியிடம் வேறு வேலை கேட்டாள். "மாப்பிள்ளைய வித்ததும் மாத்திவிடறேம்மா" என்றார் அவர். சேவல் விலைபோவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் பார்த்த வேலைக்குத்தான் பண்ணைக்குள் அவர்கள் குடியிருக்க ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தீவனக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை முதலாளி அவள் இடத்தில் போட்டார். வெள்ளிக்கிழமை வாங்குகிறவர் வருகிறார். அதற்குள் சேவல் அடங்கவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு, அறையும் அந்த ஆளுக்கு.

"அவ கோட்டு வச்சிருக்கியா?" என்றாள் அக்கா. "அதுங்க மூஞ்சியையா பாக்குது? நெறத்தத்தான் பாக்குது. மாட்டிக்கிட்டுப் போய்ப் பாரேன்."

"தொவைக்கலக்கா."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

பண்ணையில் கொடுத்த அந்த நீலக் கோட்டு, அறைக் கதவின் பின்னால், அவள் கடைசியாக மாட்டிய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் கதவைச் சாத்தும்போது அதன் காலரில் முகத்தை வைத்து எடுப்பான். போட்டுக்கொண்டால் தன் வியர்வை ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டான். தோள் இறுக்கிப் பிடித்தது. கூண்டின் முன் உட்கார்ந்து கதவைத் திறந்ததும் சேவல் சிலிர்த்தது. பிறகு அப்படியே நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணாலும் பார்த்தது. மெல்லக் கொக்கரித்துக்கொண்டு அவன் மடிக்கு வந்தது. குளிப்பாட்டித் துவட்டிக் கொண்டையில் எண்ணெய் தடவினான். கண்ணை மூடிக்கொண்டது.

"அட, அடங்கிருச்சே" என்றார் வாங்குகிறவரோடு வந்து நின்ற முதலாளி.

வாங்குகிறவர் ஆசையாகக் கையை நீட்டினார். விரலில் ரத்தம் வர ஒரு கொத்து விழுந்தது.

"தப்பா நெனைக்காதீங்க சார். அதுக்கு இந்தக் கோட்டுதான் பழக்கம்" என்று முதலாளி சிரித்தார்.

"அப்ப அதையும் சேத்துக் குடுத்துடுங்க. எங்க ஆளு போட்டுக்கட்டும்."

அவன் எழுந்திருக்கவில்லை. "இது அவளோடது சார்" என்றான் முதலாளியைப் பார்த்து.

"பண்ணைக் கோட்டுதானேப்பா. உனக்குப் புதுசா ஒண்ணு தரச் சொல்றேன்." அவன் தோளைத் தட்டினார். "ரூம் உனக்குத்தான். நீ ஒண்ணும் கவலப்படாத."

அவன் பொத்தான்களைக் கழற்றினான். வழியில் முரண்டு பிடிக்காமல் இருக்கக் கோட்டைக் கூண்டுக்குள் விரிக்கச் சொன்னார்கள். சேவல் அதன்மேல் இரண்டு தரம் சுற்றிவந்தது. காலரைக் காலால் கிளறிச் சரிசெய்து, அதில் மார்பை அமர்த்தி உட்கார்ந்தது. வேன் கதவைச் சாத்தியபோது அதன் வால் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

சாயங்காலம் அக்கா புதுக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள். அதுவும் நீலம்தான். உறையைப் பிரித்து ஆணியில் மாட்டினான். கதவைச் சாத்தும்போது பழக்கத்தில் முகத்தை அதில் வைத்தான். மடிப்புக் கலையாத காலருக்குள் இருந்த அட்டை கன்னத்தில் குத்தியது.